நெடுந்தொலைவு ஓட்டம்: தேறுதலும் உடல்நிலைக் கண்காணிப்பும்

மாரத்தான் முதலிய நெடுந்தொலைவு ஓட்டங்களுக்குப் பயிற்சி எடுப்பவரின் உடல், ஒவ்வோர் ஓட்டத்தின் களைப்பிலிருந்தும் மீண்டு அடுத்ததற்குத் தயாராவதே தேறுதல். அது போதிய அளவு நடக்கிறதா என்று அறிய நாடித்துடிப்பு, உறக்கம், எடை, இரத்தக் கூறுகள் போன்றவற்றைத் தொடர்ந்து குறித்துவருவது கண்காணிப்பு. இதற்கான கருவிகள் இன்று மணிக்கட்டிலேயே வந்துவிட்டன. ஆனாலும் ஓட்டக்காரரின் சொந்தப் பழைய பதிவுகளோடு ஒப்பிடாத எண் அதிகம் எதையும் சொல்வதில்லை.

நீண்ட ஓட்டத்தில் தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து இருப்பு பெருமளவு தீர்ந்துபோகிறது. சோறு, இட்லி, வாழைப்பழம் போன்ற மாவுச்சத்து உணவைப் போதிய அளவு சாப்பிட்டால் பொதுவாக ஒரு நாளில் நிரம்பிவிடும். மாரத்தானுக்குப் பின் தசையிழைகளே சேதமடைந்திருப்பதால் கூடுதல் நாள் பிடிக்கும். அவற்றிலிருந்து கசியும் கிரியேட்டின் கைனேஸ் நொதி அடுத்த ஓரிரு நாள்களில் இரத்தத்தில் பன்மடங்கு உயரும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின்கூட நலமான ஓட்டக்காரர்களிடம் தற்காலிகமாகக் கூடுவதுண்டு. அந்த நாள்களில் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர் தாம் ஓடியதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் வீண் பதற்றம்தான். நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் கதை வேறு. அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பழைய அளவுகோல் காலை நாடி. விழித்ததும் படுக்கையிலேயே எண்ணும் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடிச் சில நாள் நீடித்தால் களைப்பு தீரவில்லை என்றோ காய்ச்சல் வரப்போகிறது என்றோ ஐயப்படலாம். புழுக்கமான இரவும் கெட்ட தூக்கமும்கூட அதே உயர்வைத் தரும். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கம்பியில்லாத் துடிப்புமானியைக் கொண்டுவந்த பின் ஓடும்போதே நாடியைப் பார்க்க முடிந்தது. அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் ‘இதயத் துடிப்பு மாறுபாடு’ பிறகு பரவலானது. இது நாளுக்கு நாள் தாவும் அளவு என்பதால் ஒரு வாரச் சராசரியைப் பார்ப்பதே நல்லது.

செலவில்லாத அளவீடு ஒன்று உண்டு. சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த உழைப்புணர்வு அளவுகோலைத் தழுவி, அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் எளிய கணக்கொன்றைத் தந்தார். ஓடி முடித்ததும் கடுமைக்கு 10க்கு மதிப்பெண் இட்டு நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிட ஓட்டத்துக்கு 5 என்றால் சுமை 300. அதே பாதை, அதே வேகம், ஆனால் மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டியதுதான். விளையாட்டு வீரர்கள் தம் களைப்பையும் மனநிலையையும் பற்றித் தாமே சொல்வது பயிற்சிச் சுமையின் மாற்றத்தைப் பல உடலியல் அளவீடுகளைவிட நன்றாகக் காட்டுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றும் கண்டது. விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கியவர்களுக்கு இது உவப்பாக இருக்காது.

மெல்லச் சேரும் கேடுகளும் உண்டு. ஓடும் அளவுக்குச் சாப்பிடாதவரின் உடல் ஹார்மோன் சுரப்பையும் எலும்புப் பராமரிப்பையும் குறைத்துக்கொள்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதை ‘விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு’ என்று வரையறுத்தது; ஆண்களுக்கும் வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதன் தெளிவான அறிகுறி. அதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவாகக் கருதி விட்டுவிடுவது ஆபத்து. முன்கால் எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் மட்டும் வலித்தால் எலும்பில் அழுத்த முறிவு தொடங்கியிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் இப்படி மெல்லச் சேர்வதே; அதன் கையிருப்பை ஃபெரிட்டின் பரிசோதனை காட்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தவறு.

ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேகம் திரும்பாத நிலை மிகைப்பயிற்சி நோய்க்குறி. அதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை ஏதும் கிடையாது. இரத்தசோகை, தைராய்டு கோளாறு, தொற்று, உணவுக் குறைவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் மருத்துவர் அந்த முடிவுக்கு வருவார். அப்போது அவர் முதலில் கேட்பது கடந்த சில மாதங்களின் பயிற்சிக் குறிப்பேட்டைத்தான்.