வீட்டுச் சீட்டாட்டமும் விருந்தளிப்பவரின் பங்கும்

தீபாவளியை ஒட்டிய இரவுகளில் வட இந்திய, மேற்கிந்திய நகரங்களின் நடுத்தர வர்க்க வீடுகளில் சீட்டுக்கட்டு வெளியே வருவது நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் ஆடப்படுவது தீன் பத்தி எனும் மூன்று சீட்டு. அண்மைக் காலமாக அதனருகே போக்கரும் இடம்பிடித்துள்ளது. புதிதாக ஆட வருவோருக்குச் சீட்டுகளின் தரவரிசை ஒரு தாளில் எழுதித் தரப்படும். பந்தயம் பத்து ரூபாயைத் தாண்டாது. தேநீரும் தின்பண்டமும் வீட்டுக்காரரின் செலவு. கார்த்திகை வளர்பிறையின் முதல் நாளுக்குத் தியூதப் பிரதிபதை என்ற பெயரே உண்டு. அன்று சிவனும் பார்வதியும் சூதாடினர் என்பது புராண மரபு. அவ்விருவரும் ஆடும் காட்சியை எல்லோராக் குடைவரைச் சிற்பங்களிலும் காணலாம்.

இத்தகைய இரவு எந்தக் கட்டத்தில் குற்றமாகிறது? பந்தயப் பணத்தின் அளவைக் கொண்டே இதற்கு விடை சொல்லப் பலரும் முற்படுவர். இந்தியச் சட்ட வரலாறு முதன்மையாகக் கேட்டுவந்த கேள்வியோ வேறு: ஆட்டத்துக்கு இடம் கொடுப்பவர் அதிலிருந்து பங்கு எடுக்கிறாரா?

இக்கேள்வியின் மிகத் தெளிவான பழைய வடிவம் அர்த்தசாஸ்திரத்தில் உள்ளது. சூதாட்டத்தைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை அந்நூல் நியமிக்கிறது. ஆட்டம் ஓரிடத்தில் மட்டுமே நடைபெற வேண்டும். வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். மறைவாகப் பிழைப்பு நடத்துவோரைக் கண்டறிவதே இதற்குச் சொல்லப்படும் காரணம். வெற்றித் தொகையில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு உரியது. காய்களுக்கான வாடகை, தண்ணீருக்கும் இடத்துக்குமான கட்டணம் ஆகியவை தனி. சூதாட்டத்தை அரசு ஒழிக்க முனையவில்லை. தானே விருந்தளிப்பவராக அமர்ந்து பங்கைப் பெற்றுக்கொண்டது. இதற்கு நேர் எதிராக, சூதையும் பந்தயத்தையும் நாட்டிலிருந்தே விலக்குமாறு மன்னனுக்குச் சொல்கிறது மனு ஸ்மிருதி. யாக்ஞவல்கிய ஸ்மிருதி மீண்டும் கூடத் தலைவனான சபிகனை ஏற்று, அவன் எடுக்கத்தக்க விகிதத்தையும் வரையறுக்கிறது. தர்மசாஸ்திரங்கள் ஒரே குரலில் சூதைக் கண்டித்தன என்னும் பொதுப் பேச்சுக்கு இவ்வேறுபாடுகள் இடம் தருவதில்லை.

சபிகன் நடைமுறையில் எப்படிப்பட்டவன் என்பதற்குச் சட்ட நூல்களைவிடச் சூத்ரகரின் மிருச்சகடிகம் நல்ல சான்று. அதன் இரண்டாம் அங்கத்தில், பத்துப் பொன் தோற்றுவிட்டு ஓடும் ஒருவனைச் சபிகன் மாதுரன் துரத்துகிறான். ஓடியவன் சிலையில்லாக் கோயிலொன்றில் தானே சிலைபோல் நிற்கிறான். துரத்தி வந்தவர்களோ அவன் எதிரிலேயே சூதாடத் தொடங்கிவிடுகின்றனர். ஆட்ட ஆசையை அடக்க முடியாத ‘சிலை’ தன்னைக் காட்டிக்கொள்கிறது. வசந்தசேனை தன் அணிகலனைக் கொடுத்து அவனது கடனை அடைக்கிறாள். நகைச்சுவைக்கு அடியில் ஒரு நிறுவனம் தெரிகிறது: கடனை வசூலிக்கும் உரிமை கூடத் தலைவனுக்கு இருந்தது, ஊரும் அதை ஏற்றிருந்தது.

முகலாயர் காலத்துக் கஞ்சிஃபா பெரும்பாலும் வேறு வகை ஆட்டம். 1527இல் பாபர் சிந்துவின் ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பிய குறிப்பு அவரது நினைவுக் குறிப்புகளிலேயே உள்ளது. எட்டு வகைகளில் பன்னிரண்டு வீதம் 96 சீட்டுகள் என்பது பின்னாளில் நிலைபெற்ற முகலாய வடிவம். தசாவதாரக் கட்டில் 120. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பவரே இதில் வெல்வார். இந்த நினைவாற்றல் பின்னர் நீதிமன்றத்தில் எடுத்த பங்கு கீழே வரும்.

காலனிய அரசு அர்த்தசாஸ்திரத்தின் ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், இங்கிலாந்தின் 1845 சட்டத்தில் புழங்கிய ‘பொதுச் சூதாட்டக் கூடம்’ என்ற கருத்தை இங்கே கொண்டுவந்தது. ஒரு வீட்டின் உரிமையாளரோ அதை நடத்துபவரோ, ஆட்டக் கருவிகளுக்காகவோ இடத்துக்காகவோ கட்டணம் பெற்று ஆதாயம் அடைந்தால் அது பொதுச் சூதாட்டக் கூடம். கௌடில்யர் வசூலிக்கச் சொன்ன அதே இனங்கள் இங்கே குற்றத்தின் இலக்கணமாயின. கூடம் நடத்தினால் 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அங்கே இருந்து பிடிபட்டால் 100 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. ஆதாயமின்றித் தன் வீட்டில் நண்பர்களை அமர்த்தி ஆடவைப்பவர் இந்த இலக்கணத்துக்கு வெளியே நின்றார்.

எனவே இச்சட்டத்தைத் தாராளமானது என்று சிலர் வாசிப்பதுண்டு. அந்த வாசிப்பு 13ஆம் பிரிவில் நின்றுவிடுகிறது. பொதுத் தெருவிலோ பொது இடத்திலோ பணம் வைத்து ஆடுவோரை ஆணையின்றியே காவலர் கைது செய்யலாம் என்கிறது அப்பிரிவு. அங்கே எவரும் பங்கு எடுத்திருக்க வேண்டியதில்லை, ஆடினாலே போதும். விருந்தறை உள்ளவரின் பத்து ரூபாய் பொழுதுபோக்கு. விருந்தறை இல்லாத கூலித் தொழிலாளி மரத்தடியில் வைக்கும் அதே பத்து ரூபாய் குற்றம். ஒழுக்கத்தின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறையில் சொத்தின் எல்லைக்கோட்டையே பின்பற்றியது. 6ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ஆணை பெற்று நடத்திய சோதனையில் சீட்டோ தாயக்கட்டையோ கிடைத்தால், மறுப்பு நிறுவப்படும்வரை அவ்விடம் சூதாட்டக் கூடமே என்று கொள்ளப்படும். மெய்ப்பிக்கும் சுமையை இவ்வாறு இடம் மாற்றுவது, வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவரையும் இல்லாதவரையும் ஒரேபோல் தாக்கியிருக்காது.

கடனைப் பொறுத்தவரை காலனியச் சட்டம் மாதுரனைக் கைவிட்டது. 1848ஆம் ஆண்டின் சட்டமும், அதன்பின் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் பந்தய உடன்படிக்கைகளைச் செல்லாதவை ஆக்கின. வீட்டுச் சீட்டாட்டத்தில் தோற்றவர் தர மறுத்தால் வென்றவருக்கு நீதிமன்றத்தில் வழியில்லை. குதிரைப் பந்தயத்தில் 500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பரிசுகளுக்கான நன்கொடைக்கு மட்டும் அப்பிரிவு விலக்கு அளித்தது. எவருடைய பொழுதுபோக்கு அது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் அமைந்ததால் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. தமிழகத்தில் 1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமே தொடர்ந்தது. அகில இந்திய அளவில் வழக்காடப்பட்டது, சூதாட்டச் சட்டங்கள் திறமை ஆட்டங்களுக்கு அளித்திருந்த விலக்கு. செகந்திராபாத்தின் மனமகிழ் மன்றம் ஒன்றில் 1963இல் நடந்த சோதனையிலிருந்து எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் தீர்ப்பளித்தது. விழும் சீட்டுகளை நினைவில் கொள்ளவும், எதை வைப்பது, எதை விடுவது எனத் தீர்மானிக்கவும் வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றார் நீதிபதி இதயத்துல்லா. மிகையாக இல்லாதவரை, மன்றம் வாங்கும் சிறு கட்டணம் மட்டுமே அதைச் சூதாட்டக் கூடம் ஆக்கிவிடாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. மூன்று சீட்டோ முழுக்க முழுக்க வாய்ப்பின் ஆட்டம் என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கப்பட்டது.

அவ்வொதுக்கல் கேள்விக்குரியது. 52 சீட்டுகளிலிருந்து மூன்றை எடுக்கும் வழிகள் 22,100. ஒரே எண் மூன்று வரும் கைகள் 52. ஒரே வகையில் அடுத்தடுத்து மூன்று வரும் கைகள் 48. அரிதானது பின்னதே, ஆயினும் முன்னதே உயர்ந்ததென ஆடுவோர் கொள்கின்றனர். 16,440 கைகளில் இணையும் இல்லை, வரிசையும் இல்லை, நிறமும் இல்லை. அதாவது நான்கில் ஏறத்தாழ மூன்று முறை எவர் கையிலும் ஒன்றும் இராது. அந்நிலையில் சீட்டைப் பாராமல் ஆடுவதா, பார்த்தபின் பந்தயத்தை ஏற்றுவதா, விலகுவதா என்பது எதிராளியின் முகத்தையும் பழக்கத்தையும் படிப்பதைச் சார்ந்தது. திறமை எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. சிறிதும் இல்லை என்பது ஆடாதவரின் கூற்று.

போக்கருக்கு வாய்த்த விதி இதனினும் குழப்பமானது. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் சூதாட்டத்தின் வரையறையிலிருந்து பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் பெயர் சொல்லி விலக்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கரைச் சூதாட்டம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகக் கொண்டது. ரம்மிக்குப் பாதுகாப்புத் தேடித் தந்த செகந்திராபாத் இன்றுள்ள தெலங்கானாவோ 2017இலேயே திறமை ஆட்டங்களுக்கான விலக்கை நீக்கிவிட்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடின்றித் தடை செய்தது. நிறுவனங்கள் ஒவ்வொரு கையிலிருந்தும் கழித்துக்கொள்ளும் தொகை, சபிகனின் பங்கே அன்றி வேறன்று. இச்சட்டத்தின் தண்டனைகளும் அவரையே நோக்கியவை. ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்வோருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோருக்கும் தண்டனை உண்டு. ஆடுபவருக்கு இல்லை. தெருவில் ஆடுபவருக்கோ 1930ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. தோப்பிலும் மரத்தடியிலும் பணம் வைத்துச் சீட்டாடியோர் கைது என்னும் நான்கு வரிச் செய்தி, தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.