பனிக்காலத்துப் பள்ளிச் சுற்றறிக்கைகள்: அமெரிக்கா, 2020–21



நம் கட்டடத்தில் பல வீடுகளின் பேரக்குழந்தைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். 2020 கடைசியில் வீடியோ காலில் அவர்களிடம் "நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்டிருப்பீர்கள். "இன்னும் மெயில் வரலை தாத்தா" என்று பதில் வந்திருக்கும். அந்த மெயில்களில் என்ன இருந்தது, அவை ஏன் அப்படி இருந்தன என்று இந்த இதழில் பார்க்கலாம்.

முதலில், அந்த மெயிலை அனுப்புவது யார்? பெரும்பாலும் பள்ளி அல்ல, 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'. இதை நம் ஊர் மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஊரின் அல்லது சில ஊர்களின் அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கென்றே உள்ள அமைப்பு அது. அமெரிக்கா முழுவதும் 13,000க்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள் உண்டு. அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 5 கோடி. பெரும்பாலான இடங்களில் ஊர்மக்கள் வாக்களித்து ஒரு போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போர்டு ஒரு சூப்பரின்டென்டென்டை நியமிக்கிறது. வரவில் ஏறக்குறைய பாதி மாநில அரசிடமிருந்து வருகிறது. அதற்குச் சற்றுக் குறைவாக உள்ளூர் வரி, அதிலும் பெரும்பகுதி வீட்டு வரி. மத்திய அரசின் பங்கு கொரோனாவுக்கு முன் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரு வகையில் நம் சங்கத்தைப் போலத்தான்: பணம் கட்டுகிறவரே கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வியும் கேட்பார்.

சாதாரண நாட்களில் இந்த டிஸ்ட்ரிக்ட் செய்திமடலில் என்ன இருக்கும்? ஃபுட்பால் ஆட்டம், பாட்டுக் கச்சேரி, பஸ் வழித்தடம், மதிய உணவு மெனு, பட்ஜெட் கூட்டத் தேதி. அந்தக் குளிர்காலத்தில் அதே தலைப்புகளுக்குக் கீழே வேறு செய்திகள் வந்தன.

இப்படி நடந்தது முதல் முறை அல்ல. 1918 இலையுதிர் காலத்தில் இன்ஃப்ளூயன்ஸா பரவியபோது பெரும்பாலான அமெரிக்க நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன் ஆகிய மூன்று நகரங்கள் மட்டும் திறந்தே வைத்தன. நியூயார்க் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்டின் வாதம் எளிமையானது. நகரத்தின் சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் காற்றோட்டமில்லாத நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். வீட்டைவிடப் பள்ளி சுத்தமானது. அங்கே ஆசிரியர் தினமும் காலையில் பிள்ளையைப் பார்ப்பார், உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்பிவிடலாம்.

1937 செப்டம்பரில் சிகாகோவில் போலியோ பரவியது. பள்ளி திறப்பு தள்ளிப்போடப்பட்டது. 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான சுமார் 3,15,000 பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் நடத்தினார்கள். ஆறு நிலையங்கள் நேரம் ஒதுக்கின, ஒவ்வொரு பாடமும் 15 நிமிடம். அன்றைய பாட அட்டவணையைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண்ணும் உண்டு. ரேடியோ இல்லாத வீடு என்ன செய்யும், சரியாகக் கேட்காத வீடு என்ன செய்யும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. 2020இல் ரேடியோ என்ற இடத்தில் இன்டர்நெட் என்று போட்டுக்கொள்ளுங்கள். கேள்வி மாறவே இல்லை.

2020 மார்ச்சில் சில வாரங்களுக்குள் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. செப்டம்பரில் புதிய கல்வியாண்டு தொடங்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் வழியைத் தானே முடிவு செய்தது. சில இடங்களில் நேரடி வகுப்பு, சில இடங்களில் முழுக்க ஆன்லைன், சில இடங்களில் பாதிப் பிள்ளைகள் இரண்டு நாள், மீதிப் பிள்ளைகள் இரண்டு நாள். பக்கத்து ஊரில் பள்ளி திறந்திருக்க, நம் ஊரில் மூடியிருக்கும். பெற்றோரின் கோபத்துக்கு இதுவே பெரிய காரணம்.

பனிக்காலம் வந்தபோது சுற்றறிக்கைகளில் நான்கு விஷயங்கள் மாறிமாறி வந்தன.

முதலாவது, சாப்பாடு. அமெரிக்காவில் பள்ளி மதிய உணவுக்கு 1946இல் சட்டம் வந்தது. கொரோனாவுக்கு முன் தினமும் சுமார் 3 கோடிப் பிள்ளைகள் அந்தத் திட்டத்தில் சாப்பிட்டார்கள். பள்ளியை மூடினால் அந்தச் சாப்பாடும் நின்றுவிடும். வழக்கமாக இலவச உணவுக்கு வருமான விவரம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளை பள்ளியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். மத்திய வேளாண்மைத் துறை இந்த விதிகளைத் தளர்த்தியது. விண்ணப்பம் இல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் இலவச உணவு கொடுக்கலாம், பிள்ளை வராமலே பெற்றோர் வாங்கிப் போகலாம், பல நாள் பொட்டலங்களை ஒரே தடவையில் தரலாம். 2020 அக்டோபரில் இந்தச் சலுகை 2021 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அதனால் மெனு இருந்த இடத்தில், எந்த வாசலில் எத்தனை மணிக்குப் பொட்டலம் கிடைக்கும் என்ற அறிவிப்பு வந்தது. சில இடங்களில் ஸ்கூல் பஸ்ஸே பிள்ளைகளை ஏற்றும் அதே வழியில் சாப்பாட்டைக் கொண்டுபோனது. டெக்ஸஸின் ஆஸ்டின் டிஸ்ட்ரிக்ட் 100க்கும் மேற்பட்ட பஸ்களில் வைஃபை பொருத்தி, இன்டர்நெட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியது.

இரண்டாவது, ஒரு சதவீதக் கணக்கு. நாட்டின் மிகப் பெரிய டிஸ்ட்ரிக்டான நியூயார்க் நகரம் முன்கூட்டியே ஒரு விதி வைத்திருந்தது: நகரத்தில் செய்யும் சோதனைகளில் ஏழு நாள் சராசரியாக 3 சதவீதம் பாசிட்டிவ் வந்தால் பள்ளிகள் மூடப்படும். நவம்பர் 18 அன்று அந்த எண் வந்தது. மதியத்துக்கு மேல்தான் அறிவிப்பு வெளியானது, மறுநாளே பள்ளி இல்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஏற்பாடு செய்ய ஒரு நாள்கூட இல்லை. இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. பள்ளிகளுக்குள் நடத்திய சோதனைகளில் பாசிட்டிவ் விகிதம் நகரத்தின் சராசரியைவிட மிகக் குறைவு. பள்ளி மூடிய அன்று உணவகங்களில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதி இருந்தது. அதற்குத் தடை டிசம்பர் 14 அன்றுதான் வந்தது. டிசம்பர் 7 முதல் சிறு வகுப்புகள் மீண்டும் தொடங்கின. வாரந்தோறும் சோதனை என்ற புதிய ஏற்பாடு வந்தது, 3 சதவீத விதி கைவிடப்பட்டது. ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லதுதான். ஆனால் எதை அளக்கிறோம், அளந்ததை எப்போது சொல்கிறோம் என்பதும் அந்த விதியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பனி. நமக்குக் கனமழை விடுமுறை எப்படியோ, அவர்கள் பிள்ளைகளுக்குப் பனி விடுமுறை அப்படி. காலையில் எழுந்ததும் பள்ளி இல்லை என்று தெரிந்தால் வீடே துள்ளும். ஆன்லைன் வகுப்பு வந்துவிட்டதால் அந்த விடுமுறைக்குத் தேவை இல்லை என்று பல டிஸ்ட்ரிக்ட்கள் முடிவு செய்தன, நியூயார்க் நகரமும் அப்படித்தான். டிசம்பர் 16, 17 தேதிகளில் பெரும் பனி கொட்டியது. நியூயார்க் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் கவுன்டி என்ற சிறிய டிஸ்ட்ரிக்டில் வேறு மாதிரி நடந்தது. நேரடி வகுப்பு மட்டுமல்ல, ஆன்லைன் வகுப்பும் கிடையாது என்று சூப்பரின்டென்டென்ட் பாண்டி ஷே கிப்சன் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். இழப்புகளே நிறைந்த ஒரு வருடத்தில் ஒரு நாளாவது கவலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பனியில் விளையாடுங்கள் என்பது அதன் சாரம். உள்ளூர்ச் சுற்றறிக்கையாக எழுதிய அந்தக் கடிதம் நாடு முழுவதும் பரவியது. அதில் புள்ளிவிவரம் ஒன்றும் இல்லை. படிப்பவர் களைத்துப் போயிருக்கிறார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

பனிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2021 பிப்ரவரி நடுவில் டெக்ஸஸில் கடும் பனிப்புயல் வீசி, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. அங்கே ஆன்லைன் வகுப்பும் நின்றது. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வாரம் சாட்சி.

நான்காவது, திரும்பி வருவது. அந்தக் குளிர்காலத்தில் 16 வயதுக்குக் கீழ் யாருக்கும் தடுப்பூசி கிடையாது. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 2021 அக்டோபர் கடைசியில்தான் அனுமதி வந்தது. ஆசிரியர்களுக்குத் தங்கள் உயிர் பற்றியும் வீட்டில் உள்ள முதியவர்கள் பற்றியும் பயம் இருந்தது. சிகாகோவில் டிஸ்ட்ரிக்டுக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் வாரக்கணக்கில் இழுபறி நடந்து பிப்ரவரியில் உடன்பாடு வந்தது. மார்ச் 2 அன்று, ஆசிரியர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அந்த மாதத்துக்குள் முதல் டோஸ் போட வேண்டும் என்று அதிபர் பைடன் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். மார்ச் 19 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையம், முகக்கவசம் அணிந்த மாணவர்கள் வகுப்பறையில் 6 அடிக்குப் பதில் 3 அடி இடைவெளியில் உட்காரலாம் என்று பரிந்துரையை மாற்றியது. சின்ன மாற்றமாகத் தோன்றும். ஆனால் 6 அடி விட்டால் பல வகுப்பறைகளில் பாதிப் பேருக்குத்தான் இடம். 3 அடி என்றதும் பல பள்ளிகள் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க முடிந்தது.

இனி வரவு செலவு. இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது! மத்திய அரசு பள்ளிகளுக்கு மூன்று தவணையாக உதவி கொடுத்தது: 2020 மார்ச்சில் சுமார் 1,320 கோடி டாலர், டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் 12,200 கோடி. ஆக மொத்தம் சுமார் 19,000 கோடி டாலர். கடைசித் தவணையில் டிஸ்ட்ரிக்டுக்குக் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கையாவது, விட்டுப்போன படிப்பை ஈடுகட்டச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. பள்ளியைப் பாதுகாப்பாக நடத்தும் திட்டத்தைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்றும் விதித்தார்கள்.

பற்றுப் பக்கம் என்ன? 2022இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் 9 வயதுப் பிள்ளைகளின் சராசரி 2020ஐவிட வாசிப்பில் 5 புள்ளியும் கணக்கில் 7 புள்ளியும் குறைந்திருந்தது. 1970களில் அந்தத் தேர்வு தொடங்கியதிலிருந்து இந்த வயதினரின் கணக்கு மதிப்பெண் இறங்கியது அதுவே முதல் முறை. இதிலும் சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. கணக்கில் மேல்தட்டில் இருந்த பிள்ளைகள் 3 புள்ளி இறங்கினார்கள், அடித்தட்டில் இருந்தவர்கள் 12 புள்ளி இறங்கினார்கள். ஏற்கெனவே நிலுவையில் இருந்த கணக்கில்தான் வட்டியும் அதிகம் ஏறியது. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் எத்தனை வீடு அந்தச் சுற்றறிக்கைகளைப் படித்திருக்கும்? மெயில் பார்க்கிற வீட்டுக்குத்தான் மெயில் போய்ச் சேரும்.

தலைப்புச் செய்திகளில் அதிபரும் தடுப்பூசியும் இருந்தார்கள். ஆனால் ஒரு தாய் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்தது டிஸ்ட்ரிக்ட் மெயிலைப் பார்த்துத்தான். 1937 சிகாகோ ரேடியோ வகுப்பைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது என்றால், அன்றைய பாட அட்டவணை செய்தித்தாளில் அச்சாகித் தங்கிவிட்டதும் ஒரு காரணம். மெயிலும் வாட்ஸ்அப்பும் அப்படித் தங்காது. போனை மாற்றினால் போய்விடும்.

நம் சங்கமும் 2020, 2021இல் சுற்றறிக்கைகள் அனுப்பியது. லிஃப்டில் எத்தனை பேர், பால் பாக்கெட் எங்கே வைப்பது, வீட்டு வேலைக்கு வருபவரை எப்போது உள்ளே விடுவது என்றெல்லாம். உங்கள் போனில் அவை இருந்தால் நீக்கிவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து, தேதி எழுதி, சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு ஃபைல் போட்டு வரிசையாக அடுக்கும் வேலையை நான் செய்கிறேன். யாருக்கு மெயில் போய்ச் சேரவில்லை, யார் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னோம் என்று உங்களுக்கு நினைவிருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.