குலுக்கலில் ஒரு விசா

"தாத்தா, ஆஸ்திரேலியாவில் ஒரு வருஷம் ஊர் சுற்றலாம், செலவுக்கு அங்கேயே வேலையும் பார்க்கலாம். குலுக்கலுக்குப் பேர் கொடுக்கட்டுமா?" என்றான் பேரன்.

விசாவுக்குக் குலுக்கலா! விசாரித்துப் பார்த்தேன். இந்தத் திட்டம் 1975-லேயே தொடங்கியதாம். முதலில் பிரிட்டன், கனடா நாட்டு இளைஞர்களுக்கு, 1980-ல் ஜப்பானுக்கு. வெள்ளையருக்கே முன்னுரிமை என்ற குடியேற்றக் கொள்கையை அந்த நாடு முழுதாகக் கைவிட்டதே 1973-ல்தான். அப்போது நான் கல்லூரி மாணவன்; பாஸ்போர்ட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நம் முறை வர ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. 2022-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின் பலனாக, 2024-ல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள் ஒதுக்கினார்கள். வயது 18 முதல் 30 வரை. இரண்டு வருஷ மேற்படிப்பும் ஆங்கிலமும் வேண்டும். முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் மனுப் போட்டார்கள். நாற்பதில் ஒருவருக்குத்தான் அதிர்ஷ்டம்.

குலுக்கல் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன். பேர் விழாவிட்டாலும் வருத்தமில்லை. என் இருபது வயதில் சீட்டில் பேர் எழுதவே வழியில்லையே!