கடன் கொப்பி தொலைந்தாலும் கணக்கு தொலைவதில்லை: நீதிமன்றக் கோப்புகளில் மிஞ்சிய நம்மவர் வியாபாரம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கடை வைத்திருப்பவர்களும், காணி உறுதியைத் தொலைத்தவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

தர்மபுரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் மேசை லாச்சிக்குள் ஒரு கடன் கொப்பி இருக்கும். பெயர், திகதி, அரிசி, சீனி, மண்ணெண்ணெய், தொகை. நெல் வெட்டியதும் காசு வரும், பெயருக்கு மேல் கோடு விழும். கொப்பி முடிந்தால் அடுப்புக்குப் போகும் அல்லது சரை சுற்றப் போகும். அதை யாரும் வரலாறு என்று நினைப்பதில்லை.

ஆனால் ஒரு ஊரில் மனிதர் என்ன சாப்பிட்டார்கள், எந்த மாதத்தில் கையில் காசில்லாமல் இருந்தார்கள், யார் யாரை நம்பினார்கள் என்பதை அந்தக் கொப்பியைப் போல வேறெதுவும் சொல்லாது. அப்படியானால் 150 வருடத்துக்கு முந்திய கடன் கொப்பிகள் எங்கே? வீடுகளில் அநேகமாக இல்லை. ஓலையில் எழுதியதைக் கறையான் தின்றது. கடதாசியில் எழுதியதை மழையும் இடப்பெயர்வும் கொண்டுபோயின. அப்படியும் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. பிழைத்த இடம் நீதிமன்றம்.

காரணம் எளிது. நல்லபடியாக முடிந்த கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்து மிஞ்சாது. சண்டையில் முடிந்ததற்குத்தான் கோப்பு திறக்கப்படும். வழக்காளி தன் கணக்கைக் கொண்டுவந்து வைப்பார். எதிராளி மறுப்பார். நீதிபதிக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீதிமன்ற முதலியார் கணக்கை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பார். வழக்கு முடிந்து கொப்பி உரியவரிடம் திரும்பிப் போனாலும், நகலும் மொழிபெயர்ப்பும் சாட்சிகளின் வாக்குமூலமும் கோப்பிலேயே தங்கும். நம் பாட்டன்மார் கோபத்தில் செய்த காரியம் நமக்கு வரலாறாகக் கிடைக்கிறது.

இலங்கையில் 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தோடு மாவட்ட நீதிமன்றங்கள் அமைந்தன. அன்று தொடங்கி வியாபாரம் சம்பந்தமான எழுத்து நாலு வழியால் கோப்புக்குள் வந்தது.

ஒன்று, கடைக் கடன் வழக்கு. சாமான் கொடுத்தேன், காசு வரவில்லை என்பது.

இரண்டு, வங்குரோத்து வழக்கு. 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கடனைக் கட்ட முடியாத வியாபாரி யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று முழு விபரத்தையும் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். அதன் அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியிலும் வரும். நொடித்துப்போன ஒரு கடையின் முழு உறவு வட்டமும் அந்த ஒரு பட்டியலில் இருக்கும்.

மூன்று, மரணசாசன வழக்கு. ஒருவர் இறந்தால் அவருடைய ஆதனத்தைப் பொறுப்பேற்பவர் சொத்துப் பட்டியலும் கணக்கும் கொடுக்க வேண்டும். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இதைத் தெளிவாக வகுத்தது. காணி, மாடு, வண்டில், நகை, கடைச் சரக்கு, வரவேண்டிய கடன் எல்லாம் பெறுமதியோடு அதில் வரும். வெளியுலகம் வியாபாரி என்று எண்ணாத பெண்கள் விதவையாகி ஆதனத்தைப் பொறுப்பேற்கும்போது அவர்களுடைய பெயரும் அந்த எழுத்தில் வருகிறது.

நாலு, பங்கு வியாபாரம் பிரிந்த வழக்கு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், குறித்த ஒரு தொகைக்கு மேல் முதல் போட்ட பங்கு வியாபாரத்துக்கு எழுத்து வேண்டும் என்றது. இன்றும் சட்டப் புத்தகத்தில் அந்தத் தொகை ஆயிரம் ரூபா என்றே நிற்கிறது!

இந்தக் கோப்புகளில் காசின் பெயர்கூட ஒரு பாடம். பழையவற்றில் இறைசாலும் பணமும் வரும். 1825 க்குப் பிறகு பவுண், சிலிங், பென்ஸ். 1872 தொடக்கம் ரூபாவும் சதமும். ஒரே குடும்பத்தில் பாட்டன், மகன், பேரன் மூன்று வகைக் காசில் கடன்பட்டிருக்கலாம்.

இனி இதில் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் கடைக் கடனுக்கு ஒரே ஒரு வருடம்தான் தவணை கொடுத்தது. கொப்பியில் எழுதிய கடனுக்கு, கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்காவிட்டால் பிறகு வைக்க முடியாது. புரோநோட்டு என்றால் ஆறு வருடம். ஈடு எழுதியிருந்தால் பத்து வருடம்.

கடைக்காரருடைய இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மழை பொய்த்து வேளாண்மை அழிந்தால் ஒரு வருடம் ஓடிவிடும். அவர் வந்து, "தம்பி, கணக்கைத் தீர்க்க ஏலாட்டி ஒரு நோட்டு எழுதித் தாரும்" என்று கேட்பார். கொப்பிக் கடன் நோட்டாகும். நோட்டும் தீராவிட்டால் வயல் ஈட்டுக்கு வரும். ஈடும் மீளாவிட்டால் காணி கைமாறும். அரிசியிலும் சீலையிலும் தொடங்கிய கடன் வயலில் வந்து முடிகிறது. முதலாளி கெட்டவர் என்றோ கமக்காரன் சோம்பேறி என்றோ ஒரு சொல்லில் இதைச் சொல்லி முடிக்க முடியாது. சட்டம் வைத்த தவணையும் வன்னி மழையும் சேர்ந்து செய்த வேலை இது. வழக்குக் கோப்புகளைத் தவணை வாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் இந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியும்.

கணக்குக் கொப்பியை நீதிமன்றம் எவ்வளவு நம்பியது? 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, ஒழுங்காக எழுதிவந்த வியாபாரக் கணக்கைச் சாட்சியமாக எடுக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மீது கடனைச் சுமத்த முடியாது என்கிறது. ஆகவே கொப்பியோடு ஆளும் வர வேண்டும். கடைப் பையன், வண்டிற்காரன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்று, யார் வந்தார், என்ன வாங்கினார், என்ன சொன்னார் என்று சொல்வார்கள். தம் பெயரையே எழுதத் தெரியாத மனிதர்களின் பேச்சு எழுத்தில் பதிந்தது இப்படித்தான்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனம் சூரா அல்பகராவின் 282 ஆவது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல, நம்பிக்கையைக் காப்பது.

நம் பக்கத்து வழக்குகளை அச்சிலும் பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த தேசவழமையில் அடைமானம், வாடகை, விற்பனை, வட்டிக் கடன் எல்லாம் வருகின்றன. 1862 இல் முத்துக்கிருஷ்ணா அதை மறுபடி பதிப்பித்தபோது, அது சம்பந்தமான நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்து அச்சிட்டார். கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதன் உயர் நீதிமன்றத்தின் பழைய வழக்குகளை அறிக்கைகளாகத் தொகுத்தார். கலியாணம், முதுசம் என்று வந்தால் தமிழருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு 1806 ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக் கோவை என்று வழி பிரியும். கடைக் கடனுக்கோ எல்லோரும் ஒரே வாசலில்தான் நின்றார்கள். சோனகக் கடைக்காரர், தமிழ்க் கமக்காரர், நாட்டுக்கோட்டைச் செட்டியார், சிங்கள வண்டிற்காரர் என்று ஒரே கோப்பில் எல்லோரும் வரக்கூடிய இடம் அது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி வாழ்ந்தோம் என்பதற்கு மேடைப் பேச்சைவிட அது நல்ல சாட்சி.

தர்மபுரத்தில் வாழும் மலையக உறவுகளுக்கும் இதில் பங்குண்டு. கோப்பித் தோட்டங்கள் நொடித்து, 1884 இல் ஓரியண்டல் வங்கி விழுந்தபோது தொழிலாளருக்குச் சம்பளம் நிலுவையில் நின்றது. அந்த வருடமே தொழிலாளர் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பாக்கிச் சட்டம் வந்தது. கங்காணியின் கடனைத் தொழிலாளியின் தலையில் கட்டிய துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. செக்ரோலும் துண்டும் வியாபார எழுத்துத்தான். அதில் சரக்கு மனிதனின் உழைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியுலகில் இந்த வகை எழுத்தைக் கொண்டு பெரிய வரலாறுகள் எழுதப்பட்டிருக்கின்றன. கெய்ரோ நீதிமன்றப் பதிவேடுகளைக் கொண்டு, 1600 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த இஸ்மாயில் அபூ தகிய்யா என்ற வியாபாரியின் வாழ்க்கையை நெல்லி ஹன்னா எழுதினார். சன்சிபார், ஓமான் பக்கத்துக் கடன் பத்திரங்களைக் கொண்டு ஃபஹத் பிஷாரா இந்து சமுத்திர வணிகத்தை எழுதினார். நம் பக்கத்தை நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கோப்பில் இருப்பது முறிந்த வியாபாரம் மட்டும். சொன்ன நாளில் காசு கொடுத்த ஆயிரம் பேர் அதில் இல்லை. முத்திரைச் செலவுக்கும் பிறக்கிறாசிக்கும் காசில்லாதவரும் இல்லை. வழக்காளி கூட்டிச் சொல்வார், எதிராளி குறைத்துச் சொல்வார். ஆகவே அதை வாசிக்கும்போது தீர்ப்பை மட்டும் பார்க்காமல், இரண்டு பேரும் மறுக்காமல் விட்டது எது என்று பாருங்கள். அநேகமாக உண்மை அங்கேதான் இருக்கும்.

சரி, இது இன்றைக்கு நமக்கு ஏன்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடக்கை விட்டு வெளியேறிய ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் கடைச் சாவியையும் கணக்கையும் உறுதியையும் விட்டுவிட்டுப் போனார்கள். 2009 இல் இதே பரந்தன் முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நடந்த சனம் உயிரைத் தவிர எல்லாவற்றையும் வழியில் விட்டது. இரண்டு கூட்டமும் திரும்பி வந்தபோது அலுவலகத்தில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எழுத்து இருக்கா?"

1983 மே 1 முதல் 2009 மே 18 வரை காணி உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கென்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தவணை யுத்தத்துக்குள் அகப்பட்டவர்களுக்கு அநியாயம் செய்யும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட சட்டம் அது. ஆனால் தவணை நீண்டாலும் ஆதாரம் தானாக வந்துவிடாது.

அதனால் சொல்கிறேன். வீட்டுப் பிரதி எரிந்தால் எல்லாம் எரிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உங்கள் அப்பாவோ பாட்டனோ எப்போதாவது வழக்காடியிருந்தால், அல்லது அவருடைய ஆதனத்துக்கு மரணசாசன வழக்கு நடந்திருந்தால், காணியின் பெயர், எல்லை, உறுதி இலக்கம் அந்தக் கோப்பில் இருக்கக்கூடும். வயதானவர்களிடம் மூன்று விடயம் கேட்டு எழுதுங்கள்: எந்த நீதிமன்றம், ஏறத்தாழ எந்த வருடம், எதிர்த்தரப்பு யார். பெரியவர் கண்மூடினால் அந்த வழியும் மூடிவிடும்.

கடைக்கார உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்த கொப்பியை எரிக்காதீர்கள். பெயர்கள் வெளியே தெரியக் கூடாது என்றால் கட்டி வைத்து, இன்ன வருடம் என்று மேலே எழுதுங்கள். பழைய கணக்கு, ஓலை, அரபுத் தமிழில் எழுதிய சீட்டு ஏதும் வீட்டில் இருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கி வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். தரம் 10 பிள்ளைகளோடு இருந்து வாசித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

உங்கள் குடும்பத்துப் பழைய வழக்குக் கதை எதுவும் தெரிந்தால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். வருடமும் ஊரும் போதும்.