கல்லச்சும் திருவுருவக் காட்சியும்

ஓவியம் கண்வழியாகப் புகுந்து கருத்தைத் திருத்துங் கலையாகும். எழுத்தறியாதாரும் அதனாற் பயன்பெறுவர். எனினும், கையால் எழுதிய படம் ஓரிடத்தன்றிப் பிறிதோரிடத்து இருத்தல் கூடாமையின், அது நெடுங்காலம் அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலும் அடங்கிக் கிடந்தது. திருக்கோயிற் சுவரோவியங்களோ, உட்செல்லும் உரிமையுடையார்க்கே புலனாயின. இவ்வெல்லையைக் கடந்தது அச்சோவியம். அஃது இந்நாட்டிற் செய்த மாறுதலை ஈண்டு ஆராய்வாம்.

கல்லச்சு முறையை 1798ஆம் ஆண்டளவில் செர்மனி நாட்டு மூனிக் நகரில் செனபெல்டர் என்பார் கண்டறிந்தனர். நெய்ப்பசையும் நீரும் தம்முட் கலவா என்பதே அதன் அடிப்படை. வழுவழுப்பான சுண்ணக்கல்லின்மேல் நெய்ப்பசையுள்ள மையால் எழுதி, கல்லை நீரால் நனைத்து, அச்சுமையைத் தடவின், எழுதிய இடம் மையைப் பற்றும்; ஏனையிடம் விலக்கும். பலநிறப் படமாயின் நிறத்திற்கொரு கல் வேண்டும். ஒரே தாளை அக்கற்களின்மேல் இம்மியும் பிறழாது முறையே பதித்தல் வேண்டும்.

கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு தோன்றிய இரவிவர்மர் எழுதிய தெய்வப் படங்களை விழைந்தோர் பலர். ஒருவர் கை அனைவர்க்கும் எழுதியளித்தல் இயலாதாகலின், அவற்றை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண அச்சிற் பெருக்குமாறு, திவானாயிருந்த மாதவராவ் அறிவுறுத்தினர். பின்னர், 1894இல் இரவிவர்மர் தாமே பம்பாயில் அச்சகம் நிறுவினர்; செர்மானியத் தொழில்வல்லுநர் அதிற் பணியாற்றினர். அங்கு அச்சான திருமகள், கலைமகள் படங்கள் சிற்றூர்க் குடில்களினும் இடம்பெற்றன.

இதன் பயன் விலைமலிவொன்றேயன்று. அக்காலத்து ஒருசார் மக்கட்குத் திருக்கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டு அரசர் விளம்பரத்தாலும், மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் 1939ஆம் ஆண்டிலுமே அத்தடை நீங்கிற்று. அதற்கு நாற்பதாண்டு முன்னரே, கடைத்தெருவில் விற்ற திருவுருவப் படம் வாங்குவாரது குலத்தை வினவவில்லை.

தாளிற் பதிந்த படம் ஆகமவழிப் பிரதிட்டை செய்யப்பெற்ற திருமேனியோடு ஒக்குமோவெனின், ஒவ்வாது. அது திருக்கோயில் வழிபாட்டிற்கு ஈடாகாது. ஆயினும், இறைவன் உயிர்கள்மாட்டு வைத்த கருணையால் உருவங்கொள்வன் என்பது சைவர் துணிபாதலின், அவ்வுருவை நினைப்பிக்குங் கருவியை இகழ்தல் தகாது.

குறையும் உண்டு. மலிவான அச்சுப்படங்கள் பெருகவே, கல்கத்தாக் காளிகட்டத்துப் பட ஓவியர் போன்றோரது கைத்தொழில் நலிந்தது. ஓவியர் ஒருவர் கருதிய முகமே யாண்டும் பரவ, ஊர்தோறும் வழிவந்த வேறுபாடுகள் மறையலாயின. கையெழுத்துப் படத்தின் பிழை ஒரு மனையோடு நிற்கும். அச்சுப்படத்தின் பிழையோ பல்லாயிரம் மனைகளில் மெய்யென நிலைக்கும்.

ஆதலின், திருவுருவப் படங்களை வெளியிடுவோர் படைக்கலம், முத்திரை, இருக்கை முதலியவற்றைச் சிற்பநூல் வல்லாரிடங் கேட்டுத் தெளிந்து அச்சிடுதல் கடனாம். வாயில் மறுக்கப்பட்டார்க்கும் காட்சியளித்த கருவி, பிழைபட்ட காட்சியை அளித்தல் ஆகாதன்றோ!