வனநில நிர்ணயம்: மேகமலை, வருசநாடு

தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே அரணாக நிற்கும் மேகமலையிலும் அதைத் தொடரும் வருசநாட்டு மலைகளிலும் எந்த நிலம் அரசுக்குரியது, அதில் யாருக்கு என்ன உரிமை, எவ்வளவு நிலத்தைக் காடாகவே விட்டுவைப்பது என்பவற்றை அரசுத் துறைகள் விசாரித்து முடிவு செய்த வரலாறு இங்கு வனநில நிர்ணயம் எனப்படுகிறது. மேகமலை முற்காலத்தில் பச்சைக்கூமாச்சி என வழங்கியதாகக் கூறுவர். கூமாச்சி என்பது கூர்ந்த மலையுச்சி.

சென்னை ராஜதானியில் 1856இல் கிளெக்ஹார்ன் தலைமையில் வனத்துறை அமைந்தது. ஆயினும் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு இந்த ராஜதானியில் அரிது என்றும், எனவே காடுகளின் மீது அரசுக்கு முழு உரிமை இல்லை என்றும் 1871இல் வருவாய் வாரியம் வாதிட்டது. இதனால், பிற மாகாணங்களுக்கென 1878இல் வந்த வனச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வரவில்லை. இந்திய வனத்துறையின் தலைமை அலுவலர் டீட்ரிஷ் பிராண்டிசின் வருகையை ஒட்டி 1882இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இன்றளவும் தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள அச்சட்டத்தின்படி, ஒரு நிலத்தைக் காப்புக்காடாக, அதாவது வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டவை தவிர மற்ற பயன்பாடுகள் விலக்கப்பட்ட காடாக, ஆக்க விரும்பும் அரசு முதலில் 4ஆம் பிரிவின்கீழ் தன் எண்ணத்தை அறிவித்து, வன நிர்ணய அலுவலர் ஒருவரை நியமிக்கிறது. அவர் சுற்றியுள்ள ஊர்களில் பிரகடனம் செய்து, உரிமை கோருவோர் எழுத்து மூலமாகவோ நேரில் வந்தோ தெரிவிக்கக் காலக்கெடு விதிக்கிறார். நிலம், நடைபாதை, நீரோடை, மேய்ச்சல், காட்டு விளைபொருள் ஆகியவற்றின் மீதான கோரிக்கைகளைத் தனித்தனியே விசாரித்துத் தீர்க்கிறார். அதன்பின் 16ஆம் பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு வெளியாகிறது. கெடுவுக்குள் கோரப்படாத உரிமை பெரும்பாலும் அற்றுப்போகும் என்பதே இம்முறையின் கடுமையான கூறு. பட்டாவோ எழுத்தோ இன்றித் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர் போன்ற பழங்குடியினரின் வழக்கங்கள் இவ்விசாரணைகளில் எந்த அளவுக்கு இடம்பெற்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காலனிய ஆட்சியில் வனவாசிகளின் உரிமைகள் போதிய அளவு ஏற்கப்படவில்லை என்பதை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது.

வருசநாட்டுக் காடுகளில் பெரும்பகுதி கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்திருந்ததாகவும், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் அரசின் வசமானதாகவும் சொல்லப்படுகிறது.

நில உரிமையோடு உயிரினச் சிறப்பும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. அதே 1948இல், மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்துப் பதப்படுத்தி அனுப்பினார். பரவலாகக் காணப்படும் வேறோர் இனமாகத் தவறாகக் குறிக்கப்பட்டு அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சேகரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1972இல் கிட்டி தோங்லோங்யா அதைப் புதிய பேரினமாகக் கண்டறிந்து பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பது நினைவில் நிற்கும் பொருத்தம்.

அச்சட்டத்தின்படி, சூழலியல், விலங்கினம், தாவரம் முதலிய சிறப்புகளை உடைய பகுதியைச் சரணாலயமாக்கும் முன் மாவட்ட ஆட்சியர் உரிமைகளை விசாரிக்க வேண்டும். ஆனால் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஏற்கெனவே காப்புக்காடாக உள்ள நிலத்திற்கு இவ்விசாரணை தேவைப்படுவதில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த விசாரணையே போதுமெனக் கொள்ளப்படுகிறது. ஆகவே 2009இல் ஏறத்தாழ 269 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்ட மேகமலை வனவுயிரினச் சரணாலயத்தைப் புரிந்துகொள்ள, பழைய நிர்ணயக் கோப்புகளையே நாட வேண்டியுள்ளது. தேயிலைத் தோட்டங்கள் காட்டின் நடுவே தனியார் நிலங்களாகத் தொடர்கின்றன.

2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் இணைந்து, சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகமாயின. 2022 மார்ச்சில், தேனி மாவட்ட வனங்களில் கால்நடை மேய்ச்சல் தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் எல்லா வனங்களிலும் மேய்ச்சலைத் தடைசெய்து, அம்மாதத்திலேயே அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் அளவில் சுருக்கியது. தலைமுறைகளாக மலைமாடுகளைக் காட்டுக்குள் கிடைபோட்டு வளர்த்து வந்தோர் மேய்ச்சல் அனுமதியை மீண்டும் கோரி வருகின்றனர்.