3,64,878: ஒரு குத்தகையின் நாள்கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையின் எண்கள் அன்றாடப் பேச்சு. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான். அதனால் நீர்மட்டம் 136, 142, 152 என்று ஒவ்வோர் அடிக்கும் இங்கே பொருள் உண்டு. அணை நிலத்துக்கான '999 வருசக் குத்தகை' என்பதை மட்டும் 'என்றென்றைக்கும்' என்ற பொருளில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அது முடிவுள்ள எண். எண்ணிப் பார்த்தால் ஒரே நீளமுள்ள காலம்கூட அல்ல என்பது என் வாதம்.

1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான பத்திரம், குத்தகையை அவ்வாண்டு ஜனவரி 1இலிருந்து கணக்கிடுகிறது. 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாடகை ரூ.40,000. 999 ஆண்டுக்கு ரூ.3,99,60,000. 1970 மே 29 ஒப்பந்தம் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கியதும் அந்தத் தொகை செல்லாததாகிவிட்டது. நாள்கணக்கை எந்த ஒப்பந்தமும் தொடவில்லை.

குத்தகை 2884 டிசம்பர் 31இல் முடிகிறது. இடையில் நான்கால் வகுபடும் ஆண்டுகள் 250. அவற்றுள் 1900, 2100 போன்ற 7 நூற்றாண்டு முடிவு ஆண்டுகள் லீப் ஆண்டுகள் அல்ல, எஞ்சுவது 243. ஆக, 999 × 365 + 243 = 3,64,878 நாள்கள்.

இந்த எண்ணை 364, 878 என்று மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டுங்கள்: 1,242. மீண்டும் பிரித்துக் கூட்டினால் 1 + 242 = 243. லீப் நாள்களின் எண்ணிக்கை அப்படியே வந்து நிற்கிறது! ஆயிரத்தை 999ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே இப்படிக் கூட்டுவது 999ஆல் வகுத்து மீதி காண்பதேயாகும். 999 × 365 மறைந்துவிட, லீப் நாள்களே மிஞ்சுகின்றன.

எண்ணின் பகாக் காரணிகள் 2 × 3³ × 29 × 233. 999 = 3³ × 37 ஆயிற்றே, 37 எங்கே போயிற்று? 400 ஆண்டுகளில் 97 லீப் ஆண்டுகள், 800இல் 194. எஞ்சும் 199 ஆண்டுகளில் 47 முதல் 49 வரை. ஆகவே கிரிகோரியன் நாட்காட்டியில் எந்த 999 ஆண்டிலும் லீப் நாள்கள் 241, 242, 243 இவற்றுள் ஒன்றே. இவற்றில் எதுவும் 37ஆல் வகுபடாது. 37 விலகுவது கட்டாயம். 27 தங்கியதோ தொடக்க ஆண்டின் தயவு: 1889இல் தொடங்கியிருந்தால் 242 ஆகி, 3ஆல்கூட வகுபட்டிருக்காது.

3,64,878ஐ ஏழால் வகுத்தால் மீதி 3. வெள்ளிக்கிழமை தொடங்கிய குத்தகை ஞாயிற்றுக்கிழமை முடியும். இன்னொரு 999 ஆண்டுக்குப் புதுப்பிக்கப் பத்திரம் இடம் தருகிறது. அந்தத் தவணை 2885 ஜனவரி 1, திங்கட்கிழமை தொடங்கும். அதில் லீப் ஆண்டுகள் 241; நாள்கள் 3,64,876. பத்திரத்தில் அதே 999தான். தண்ணீருக்கு இரண்டு நாள் குறைவு.